கோடு வளையாத எழுத்துரு

எழுத்துருவில்தான் கோளாறு என்று செல்வபாய் தீர்மானித்துவிட்டாள். இத்தனை வருஷம் கல்லூரிப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, இப்போது துறைத்தலைவியாகவும் இருப்பவள் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அதன்மேல் அப்பீல் கிடையாது. வீட்டுக்காரர் எட்வினே முயன்று பார்த்து ஓய்ந்துபோன விஷயம் அது. அவர் இன்று வீட்டில் இல்லை, மார்த்தாண்டத்தில் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். புத்தக வேலை கிடக்கிறது என்று இவள் போகவில்லை. சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் போட்டுவிட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தமிழில் பி.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகளுக்காக அவள் எழுதிய வகைக்கெழுச் சமன்பாட்டுப் புத்தகம் திரையில் திறந்து கிடந்தது. தமிழ் வரிகளுக்கு எழுத்துரு முடிவாகிவிட்டது, சமன்பாடுகளுக்கு எது என்பதுதான் பாக்கி. சாயங்காலத்துக்குள் சொல்லிவிட்டால் திங்கட்கிழமை அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்று பதிப்பகத்து ஜஸ்டஸ் சொல்லியிருந்தான். சொல்லிவிடலாம்தான். மேலே dy, அதற்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் dx. அந்தக் கோடு நேராக இருந்தால் இந்த நிமிஷமே சொல்லிவிடலாம். அது நடுவில் தொய்ந்திருந்தது, ஈரத்துணி போட்ட கொடிக்கயிறு மாதிரி.

கம்ப்யூட்டரில் எழுத்துருக்களுக்கு ஒன்றும் பஞ்சமில்லை, கல்யாணப் பத்திரிகைக்கு, கடைப் பலகைக்கு, துக்க அறிவிப்புக்கு என்று நெல்லாய்க் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் சமன்பாட்டுப் பெட்டிக்குள் அதெல்லாம் நுழைய முடியாது. கணக்குக்கென்றே செய்ததாக இருந்தால்தான் உள்ளே விடும். வேறு எதையாவது தேர்ந்தெடுத்தால் மாட்டேன் என்றுகூடச் சொல்லாமல் பழையதையே காட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்கும். உள்ளே போகத் தகுதி உள்ளவற்றை எல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு, வகுப்புப் பிள்ளைகளுக்கு வைப்பது போலவே அவற்றுக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தாள். கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது வீட்டோடு மாப்பிள்ளை; யாரும் தேடிப் போகவில்லை, அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது, குறை சொல்லவும் முடியாது. அடுத்தது ஒல்லிப்பிச்சான், அதில் v என்ற எழுத்தும் கிரேக்க நியூவும் இரட்டைப் பிள்ளைகள், எது எது என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அடுத்தது துரை, பழைய வெள்ளைக்காரப் புத்தகங்களின் முகம், தொகையீட்டுக் குறி வில்லாய் வளைந்து கம்பீரமாக நிற்கும். வளையவேண்டியது வளைந்தால் அழகுதான். வளையக்கூடாதது ஏன் வளைகிறது? மாப்பிள்ளையில் கோடு தொய்ந்தது. ஒல்லிப்பிச்சானுக்கு மாற்றினாள், அதிலும் தொய்ந்தது, ஒல்லியாகத் தொய்ந்தது. துரையில் தொய்வோடு ஒரு நெளிவும் சேர்ந்துகொண்டது. எழுத்தின் அளவைப் பெரிதாக்கினாள். கோடும் பெரிதாயிற்று, ஆனால் வளைவு பெரிதாகவில்லை, இருந்த அளவிலேயே இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கோட்டில் இருக்கிற வளைவென்றால் கோட்டோடு சேர்ந்து பெரிதாகியிருக்கணும், விகிதம் என்று ஒன்று இருக்கிறதே. அந்த யோசனையை அதற்குமேல் போகவிடாமல் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஆரம்பித்தது. உள்ளங்கையைச் சுவரில் வைத்து மெல்ல, மெல்ல இழுத்துக்கொண்டு போகிற சத்தம். அடுத்த வீட்டில் அவள் கூடப்பிறந்த அருமை அண்ணன் சாப்பிட்டு எழுந்துவிட்டான் என்று அர்த்தம். இரண்டு வீட்டையும் கட்டியது அவன்தான், ஒரே காம்பவுண்ட், நடுவில் ஒரே சுவர். நாகர்கோவில் முழுக்க வீடு கட்டிக்கொடுத்த காண்ட்ராக்டர் இப்போது தன் வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறான். கண் முழுக்கப் போய்விடவில்லை. அதுதான் பார்க்கிறவர்களுக்குப் புரியாது, நல்லாத்தானே நடக்கிறார் என்பார்கள். ஓரம் எல்லாம் தெரியும், நடுதான் இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு இவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு எதிரே போய் நின்றபோது சொன்னான், “உனக்க தலமுடி தெரியுது, தோடு தெரியுது. மூஞ்சி இருக்க எடத்துல ஒண்ணும் இல்ல மக்ளே.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் நேராக முகத்தைப் பார்த்தால் அவனுக்கு நீ இல்லை. காதுக்குப் பக்கத்தில் வெறும் சுவரைப் பார்த்தானென்றால் உன்னைப் பார்க்கிறான். அதிலிருந்து அவன் பக்கத்தில் போய் உட்காரும்போதெல்லாம் செல்வபாய் தன் முகத்தைக் கையால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வாள், இருக்கிறதா என்று. பைத்தியக்காரத்தனம். கணக்கு வாத்தியாரம்மா செய்கிற காரியமா அது.

அவனுக்கு எப்படி ஆரம்பித்தது என்பது ஊருக்கே தெரியும். வடசேரியில் ஒரு வீட்டு வேலை, சுவர் கோணல் என்று இடிக்கச் சொன்னான். வேலப்பன் கொத்தனார் இடித்துக் கட்டினார். மறுபடியும் கோணல் என்றான். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுக் காட்டினார், ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா இல்லையா பாருங்க மொதலாளி என்று காட்டினார். அண்ணன் குமிழியைப் பார்க்கவில்லை. உனக்க ரசமட்டமே கோணல் என்று கத்திவிட்டு, அந்த மனுஷனைச் சம்பளம் கொடுத்து அனுப்பிவிட்டான். பிள்ளைப் பருவத்திலிருந்து கூடவே வேலை பார்த்தவர். சுவர் நேராகத்தான் இருந்தது. முதலில் இருந்ததும் நேர்தான். அதைக் கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னது கண் டாக்டர். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போயிருக்கிறது, நேர்க்கோடு வளைந்து தெரிவதுதான் முதல் அறிகுறி, அப்போதே வந்திருந்தால் ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாம், இனி போனது போனதுதான் என்றார். துணைக்குப் போயிருந்த செல்வபாயைத் திரும்பிப் பார்த்து, உடன்பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்புண்டு, ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். சோதனை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு அட்டை, அதில் கட்டம் கட்டமாகக் கோடுகள், நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் புள்ளியைப் பார்க்கணும், கோடுகள் நேராக இருக்கிறதா என்று சொல்லணும், பிறகு கண்ணை மாற்றணும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஆரம்பத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம், நல்ல கண் கெட்ட கண்ணுக்கு விடையைக் காட்டிக்கொடுத்துவிடும், பரீட்சை ஹாலில் நடக்கிற மாதிரி. நாளைக்கே பார்த்துக்கொள்கிறேன் என்று ஆட்டோவில் வரும்போது அண்ணன் மனைவி ரூபி மைனியிடம் சொன்னாள். அதற்குப் பிறகு செமஸ்டர் வந்தது, பேப்பர் திருத்த வேண்டியிருந்தது, கல்லூரியை மதிப்பிடக் குழு வந்தது, புத்தகம் எழுத ஒத்துக்கொண்டாள். அந்த அட்டை அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. அங்கே போனால் ஃப்ரிட்ஜுக்கு முதுகைக் காட்டி உட்காருவது வழக்கமாகிவிட்டது. மைனி தண்ணீர் எடுக்கச் சொன்னால் குழாய்த் தண்ணீர் போதும் என்பாள்.

சமக்குறியைப் பார்ப்போம். கோடு போகட்டும், சமக்குறி எந்த எழுத்துருவில் நன்றாக விழுகிறது என்று பார்ப்போம். ஒல்லிப்பிச்சானில் சமக்குறியின் இரண்டு கோடுகளும் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இணைகோடுகள். எத்தனை தூரம் நீட்டினாலும் சந்திக்காது என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். இங்கே அரிசி நீளத்துக்குள் சந்தித்துவிட்டுப் பிரிந்து போகின்றன. அவள் பார்வையை அடுத்த சமக்குறிக்கு நகர்த்தினாள். அங்கே அவை சந்தித்தன, முன்னால் பார்த்தது ஓரக்கண்ணில் ஒழுங்காக இருந்தது. திரும்பி அதைப் பார்த்தாள். அது சந்தித்தது, இது விலகிக்கொண்டது. வகுப்பில் குறும்பு செய்கிற பிள்ளை, டீச்சர் திரும்பினால் கையைக் கட்டி உட்காரும். இது தலைகீழ். பார்க்காதவரை ஒழுக்கமாக இருக்கிறது, பார்த்தால்தான் நெளிகிறது. அவள் எங்கே பார்க்கிறாளோ அங்கே வந்து நிற்கிறது. திரையில் இருந்தால் திரையோடு நிற்கணும், இது அவள் கூடவே நடக்கிறது. கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்பது போல இருந்தது. திரும்பிப் பார்த்தாள், சோபாவும் எட்வினுடைய மடித்த லுங்கியும்தான் இருந்தன. பயமாக இருந்தது, பட்டப்பகலில், வெளியே மீன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற நேரத்தில், தன் வீட்டு முன்னறையில் அவளுக்குப் பயமாக இருந்தது. ஜன்னல் கம்பியைப் பார்த்துவிட்டால் தீர்ந்தது, கம்பிக்கு எழுத்துரு கிடையாது. பார்க்கவில்லை. தரையில் டைல்ஸ் இருக்கிறது, அண்ணன் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டது, கட்டம் கட்டமாக. கொஞ்ச நாளாகவே அவள் தரையைப் பார்த்து நடப்பதில்லை, என்ன திடீரென்று ராணி மாதிரி நிமிர்ந்து நடக்கிறாய் என்று எட்வின் கேலி செய்தார். போன மாதம் போர்டில் x அச்சு வரைந்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள், அழித்தாள். முன்பெஞ்சில் ஒருத்தி, முதல்ல போட்டதே நேராத்தான் மேடம் இருந்துச்சு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாற்றணும், பவர் கூடியிருக்கும் என்று எட்வினிடம் சொன்னாள். அதுகூட உண்மையாக இருக்கலாமே. ஐம்பத்து நாலு வயதில் யாருக்குத்தான் பவர் கூடவில்லை.

ஜஸ்டஸுக்குப் போன் போட்டாள். ஒரே சமன்பாட்டை ஐந்தாறு எழுத்துருவில் போட்டு அவனுக்கு அனுப்பியிருந்தாள், அச்செடுத்துப் பார்த்தானா என்று கேட்டாள். பார்த்தேன் மேடம், எல்லாமே நல்லாத்தான் இருக்கு, எதையாவது ஒன்றைச் சொன்னால் போதும் என்றான். பின்னத்தின் கோடு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கோடு கோடு மாதிரிதான் இருக்கிறது என்றான். நடுவில் இறங்கியிருக்கிறதா பார் என்றாள். தாள் புரளும் சத்தம் கேட்டது, மேஜை டிராயரை இழுத்து எதையோ தேடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னான், “ஸ்கேல் வச்சே பாத்துட்டேன் மேடம். எல்லாம் நேராதான் இருக்கு.”

“உன் ஸ்கேலே வளஞ்சிருக்கும்,” என்றாள் செல்வபாய்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. குரல் அவளுடையதாகவே இல்லை, வடசேரியில் மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஓர் ஆண் கத்துகிற குரல். அந்தப் பக்கம் ஜஸ்டஸ் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முனகினான். நல்ல பையன், அவளிடம் படித்த பெண்ணைத்தான் கட்டியிருக்கிறான். அரை மணிக்கூரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். வேலப்பன் கொத்தனார் அன்றைக்கு ரசமட்டத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாராம், திரும்பியே பார்க்கவில்லையாம், அண்ணன் பிற்பாடு ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் வரவில்லை. சுவரைத் தடவும் சத்தம் இப்போது சரியாக அவளுக்கு நேர் பின்னால் வந்து நின்றது. ஒரு செங்கல் கனத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் இவள். அவன் சுவரில் காதை வைத்திருக்கிறானோ என்று தோன்றியது. ஒரே அம்மா வயிறு, ஒரே சுவர், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர அதற்கு எவ்வளவு நேரமாகும். சத்தம் நகர்ந்தது. அவள் மூச்சு விட்டாள்.

இன்னும் பார்க்காத எழுத்துரு பாக்கி இருக்கிறதா? இருந்தது. ஒன்று தடிமனாக, எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு எழுதிய அறிவிப்பு மாதிரி பெரிய பெரிய எழுத்து. அதில் 1 என்ற எண்ணும் l என்ற எழுத்தும் ஒரே தடி. ஒன்றில் தொகையீட்டுக் குறியின் நடுவயிறு காணவில்லை, மேலே கொக்கி, கீழே கொக்கி, இரண்டையும் இணைக்கிற உடம்பு இல்லை. எழுத்துருவில் அந்தக் குறி சரியாக இல்லை போலிருக்கிறது, சில எழுத்துருவில் இல்லாத குறிக்குக் காலிக் கட்டம் விழும், இது கட்டம்கூட இல்லாமல் வெறுமையாக விழுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. கண் போனால் என்ன மிஞ்சும்? கீர்த்தனையை மனப்பாடமாகப் பாடலாம். ஜெபம் பண்ணலாம். மீன் கழுவக்கூடப் பழகிக்கொள்ளலாம், மைனியைக் கேட்டால் சொல்லித்தருவாள், பார்வையில்லாமல் ஒருவர் செய்யக்கூடியது செய்யக்கூடாதது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் கணக்கு? கணக்கை மனசுக்குள் போடலாம் என்பார்கள். போடலாம், இரண்டு வரி, மூன்று வரி. அதற்கு மேல் கணக்கு தாளில்தான் உயிரோடிருக்கிறது, ஒரு வரிக்கு அடியில் இன்னொரு வரி, சமக்குறிக்கு நேர்கீழே சமக்குறி, அப்படி இறங்கி இறங்கி வரும்போது கடைசி வரியில் ஒரு சின்ன விடை வந்து நிற்கும், அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகத்தான் இத்தனை வருஷமும். அது வேறு எதிலும் கிடைத்ததில்லை, எட்வினிடமும் இல்லை, அவருக்குத் தெரியும், பாவம். அண்ணனுக்கு வீடுகளாவது நிற்கின்றன, தடவிப் பார்க்கலாம். சமன்பாட்டைத் தடவ முடியாது. கூமுட்டையாய்க் கெட்டுப்போகட்டும் மற்ற எல்லா எழுத்துருவும், ஒன்றே ஒன்று நேராக இருந்தால் போதும், கர்த்தாவே, ஒன்றே ஒன்று.

பட்டியலில் கடைசியாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தாள். பெயரே வைக்காதது. சாதாரணமானது, ஒல்லியுமில்லை தடியுமில்லை, பார்த்தால் நினைவில் நிற்காத முகம். சுட்டியை அமுக்கினாள், பக்கம் ஒரு தடவை துள்ளி அடங்கியது. dy, கோடு, dx. கோடு நேராக இருந்தது. நம்பாமல் அடுத்ததைப் பார்த்தாள். நேர். அதற்கடுத்தது நேர். சமக்குறியின் இரண்டு கோடுகளும் ரயில் தண்டவாளமாக விலகி ஓடின. தொகையீட்டுக் குறிக்கு உடம்பு வந்திருந்தது. பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள், வர்க்கமூலக் கூரைகள், அணிகள், பின்னத்துக்குள் பின்னம், எல்லாம் இஸ்திரி போட்டதுபோல் படிந்து கிடந்தன. எழுத்துருதான். அவள் சொன்னாளே, எழுத்துருவில்தான் கோளாறு என்று. சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்தாள். அழுகையும் வந்தது. இத்தனை நாள் எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்திருக்கிறாள், ஃப்ரிட்ஜுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டைல்ஸைப் பார்க்காமல், ஜஸ்டஸிடம் கத்தி, அண்ணனைக்கூட மனசுக்குள் ஒரு நோயாளியாகத் தள்ளி வைத்துக்கொண்டு. நாளைக்கு ஆராதனை முடிந்ததும் அண்ணன் பக்கத்தில் போய் உட்காரணும். திங்கட்கிழமை போர்டில் ஒரே இழுப்பில் x அச்சைப் போட்டுக் காட்டணும் அந்த முன்பெஞ்சுக்காரிக்கு. எல்லாவற்றையும் இதே எழுத்துருவுக்கு மாற்றிச் சேமித்தாள். ஜஸ்டஸுக்கு எழுத்துருவின் பெயரைச் செய்தியாக அனுப்பினாள், ஒற்றைக் கையால், பிழையில்லாமல்.

“செல்வம்.”

ரூபி மைனி வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் மூடி போட்ட கிண்ணம் இருந்தது, கொழுக்கட்டையாக இருக்கும், சனிக்கிழமை அண்ணனுக்குச் செய்வாள். வாங்க மைனி என்று செல்வபாய் சந்தோஷமாகச் சொன்னாள், புத்தகம் முடிந்துவிட்டது, எந்த ஃபாண்ட் என்று முடிவாகிவிட்டது என்று சொன்னாள். மைனி சிரிக்கவில்லை. திரையை அவள் பார்க்கவே இல்லை. கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தாள், வைத்த கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்று செல்வபாயின் முகத்தைப் பார்த்தாள், வீட்டில் ஒருவரை வருஷக்கணக்காகக் கவனித்துப் பழகியவள் பார்க்கிற மாதிரி.

“எதுக்கு இடது கண்ணப் பொத்திக்கிட்டு இருக்க?” என்றாள். “உங்க அண்ணனும் இப்பிடித்தான் இருந்தாவ. பேப்பர் படிக்கும்போ. கேட்டா, சும்மா கை வச்சிருக்கேன்னு சொல்லுவாவ.”

செல்வபாய் முதலில் அப்படியா என்றுதான் நினைத்தாள். முழங்கை மேஜையில் ஊன்றியிருந்தது. கன்னம் உள்ளங்கையில் இருந்தது. விரல்கள் நாலும் நெற்றிவரைக்கும் போய்க் கண்ணை மூடியிருந்தன, மூடிய கண்ணுக்குமேல் மூக்குக்கண்ணாடி கோணலாக ஏறி நின்றது. எப்போது வைத்தாள்? கடைசி எழுத்துருவுக்கு முன்னாலா, கர்த்தாவே என்றாளே அப்போதா? கை தானாகப் போயிருக்கிறது. அவள் இரண்டு வருஷமாகச் செய்யமாட்டேன் என்று நின்ற காரியத்தைக் கை அவளைக் கேட்காமல் செய்துவிட்டது. சும்மா கை வச்சிருக்கேன் மைனி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் மைனி நம்புகிற மாதிரி நின்றிருப்பாள், கிண்ணத்தை வைத்துவிட்டுப் போயிருப்பாள், கோடு இப்படியே நேராக இருந்திருக்கும், இந்தக் கையை எடுக்காத வரைக்கும்.

கையை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தாள், அவசரப்படாமல், விடையைச் சரிபார்க்கிற மாதிரி. பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் பார்த்தாள். மைனி அவள் தோளில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“வளையுது மைனி,” என்றாள்.

“சேலய மாத்து,” என்றாள் மைனி. “டாக்டர் இப்ப இருப்பாரு.”